இணையப் பக்கங்களின் எச்டிஎம்எல்லைச் சுத்தம் செய்து சீராக்கும் முறை: மும்மொழித் தளங்களோடு வேலை செய்வோருக்கு

கொழும்பில் தமிழ் உரையோடு கணினி வேலை செய்யும் எவருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் இணையப் பக்கங்களிலிருந்து உரையைப் பிரித்தெடுக்கும் தேவை வந்துவிடுகிறது. திணைக்களச் சுற்றறிக்கைகளைத் தேடக்கூடியவையாக ஆக்க விரும்புவோர், பத்திரிகைச் செய்திகளை ஆவணப்படுத்துவோர், சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில் இணைவாக்கியத் தொகுப்பு தயாரிப்போர், பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் செயலியை எழுதுவோர் ஆகிய அனைவருக்கும் முதல் வேலை ஒன்றுதான்: குழம்பிக் கிடக்கும் எச்டிஎம்எல்லை (இணையப் பக்கத்தை எழுதும் குறிமொழியை) வாசித்து, தேவையற்றதை அகற்றி, எஞ்சியதை எப்போதும் ஒரே வடிவில் இருக்கும்படி சீராக்குவது.

இந்த வேலையைத் தொடங்குவோர் பெரும்பாலும் எந்தெந்த டேக்குகளை (உரையைச் சூழும் குறிகளை) நீக்க வேண்டும் என்ற பட்டியலைத்தான் முதலில் தேடுகிறார்கள். அந்தப் பட்டியலை எவரும் அரைமணி நேரத்தில் எழுதிவிடலாம். எந்த வேலையை எதற்கு முன் செய்வது என்ற வரிசைதான் கடினமானது. டேக்குக்குள் எழுதப்படும் ஒரு பண்பை நீக்கியபின் அது தாங்கியிருந்த தகவலை வேறெங்கிருந்தும் பெற முடியாது. ஆகவே ஒன்றை அகற்றுவதற்கு முன் அது என்ன சொல்கிறது என்பதை வாசித்து எழுதிவைத்துவிட வேண்டும் என்ற விதியைக் கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படையாகக் கொள்கிறேன்.

பைட்டுகளிலிருந்து தொடங்குதல்

தரவிறக்கிய பக்கத்தை உடனே எழுத்துகளாக மாற்றாமல், வந்த பைட்டுகளை அப்படியே ஒரு கோப்பில் சேமியுங்கள். சேவையகம் அனுப்பிய தலைப்புத் தகவல்களையும் பக்கத்தின் முகவரியையும் அதனோடு சேர்த்து வையுங்கள். பிற்காலத்தில் உங்கள் நிரலில் ஒரு பிழை தெரியவரும்போது திரும்பிச் செல்ல இருக்கும் ஒரே இடம் இதுதான். தளங்கள் மாறிவிடும், பழைய அறிவித்தல்கள் காணாமற்போய்விடும்.

அடுத்தது எழுத்துக் குறிமுறையை, அதாவது பைட்டுகளை எந்த அட்டவணைப்படி எழுத்துகளாக வாசிப்பது என்பதை, தீர்மானிப்பது. எச்டிஎம்எல் தரநிலை இதற்கு ஒரு முன்னுரிமை வரிசையை வகுத்திருக்கிறது. கோப்பின் தொடக்கத்தில் பைட்டு வரிசைக் குறி இருந்தால் அதுவே இறுதி முடிவு. அது இல்லையெனில் சேவையகத்தின் தலைப்பில் சொல்லப்பட்டது. அதுவும் இல்லையெனில் முதல் 1024 பைட்டுகளுக்குள் வரும் மெட்டா டேக்கில் சொல்லப்பட்டது. உலாவிகள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. உங்கள் நிரலும் இப்படியே நடந்துகொண்டால்தான் பக்கத்தை எழுதியவர் தன் திரையில் பார்த்ததையே நீங்களும் பெறுவீர்கள்.

இந்தப் படி தவறினால் என்ன நடக்கும் என்பதைக் 'கொழும்பு' என்ற ஒரு சொல்லைக் கொண்டு பார்க்கலாம். ஒருங்குறியில் இது எட்டுக் குறியெண்களாகவும், யுடிஎப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு வீதம் 24 பைட்டுகளாகவும் இருக்கிறது. தமிழ் எழுத்துகளின் முதற் பைட்டு எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. இதை விண்டோஸ்-1252 என்று தவறாக வாசித்தால், திரை முழுவதும் மேற்கோடிட்ட ஆங்கிலச் சிறிய எழுத்தும், வட்டத்துக்குள் எழுத்திட்ட வணிகப் பதிவுக் குறியும் மாறிமாறி வரும் தோற்றம் உண்டாகும். இதைப் பார்க்காத தமிழ்க் கணினியாளர் இருக்க மாட்டார். பலர் இதை எளிதில் திருப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள்: மீண்டும் விண்டோஸ்-1252 பைட்டுகளாக்கி, யுடிஎப்-8ஆக வாசித்தால் போதும் என்பது அவர்களின் கணக்கு.

அந்தக் கணக்கில் தமிழுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ்-1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களும் வெறுமையானவை. உகரக் குறியின் மூன்றாவது பைட்டு 129; புள்ளியின் மூன்றாவது பைட்டு 141; 'ஏ' என்ற உயிரெழுத்தினது 143; 'ஐ' என்ற உயிரெழுத்தினது 144. உலாவிகள் பின்பற்றும் தரநிலை இந்த வெற்றிடங்களைக் கட்டுப்பாட்டு எழுத்துகளாக வைத்துக்கொள்வதால் அந்த வழியில் வந்த உரையை மீட்க முடியும். பைத்தனின் இயல்பான விண்டோஸ்-1252 மாற்றியோ இந்தப் பைட்டுகளைக் கண்டதும் பிழை காட்டி நின்றுவிடும். பிழைகளைப் புறக்கணிக்கச் சொல்லியிருந்தால் அவற்றை ஓசையின்றி விட்டுவிடும். அப்போது 'கொழும்பு' என்ற சொல்லில் இரண்டு உகரங்களும் ஒரு புள்ளியும் சிதைகின்றன. மிஞ்சிய 224, 175 என்ற இரண்டு பைட்டுகளை மட்டும் வைத்து அங்கே இருந்தது உகரமா புள்ளியா என்று எந்த நிரலாலும் சொல்ல முடியாது. பிழைகளைப் புறக்கணிக்கும் தெரிவை இந்தக் கட்டத்தில் ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுவே.

தரநிலைப்படி வாசிக்கும் பார்சர்

பார்சர் என்பது எச்டிஎம்எல்லை வாசித்து, ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த கணுக்களின் மரமாகக் கட்டும் நிரல். வடிவத் தேடல் கோவைகளைக் கொண்டு டேக்குகளை வெட்டி எடுப்பது சிறு சோதனைகளுக்கு மட்டுமே பொருந்தும். உண்மையான பக்கங்களில் மூடப்படாத டேக்குகளும், மேற்கோள் குறியில்லாத பண்புகளும், ஒன்றுக்குள் ஒன்று குறுக்காகப் பின்னிய டேக்குகளும் சாதாரணமானவை. முன்பு இவற்றை ஒவ்வோர் உலாவியும் தனக்குத் தோன்றியபடி ஊகித்தது. 2014 அக்டோபரில் இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக வெளிவந்த எச்டிஎம்எல்5, பிழையான குறியீட்டையும் எப்படி வாசிக்க வேண்டும் என்று படிப்படியாக வரையறுத்தது. 2019 மே மாதத்தில் டபிள்யூ3சியும் வாட்விஜி அமைப்பும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இன்று வாட்விஜியின், தொடர்ந்து திருத்தப்படும் வாழும் தரநிலையே ஒரே அடிப்படையாக இருக்கிறது. பைத்தனில் எச்டிஎம்எல்5லிப், ஜாவாஸ்கிரிப்டில் பார்ஸ்5, ரஸ்டில் எச்டிஎம்எல்5எவர் போன்றவை இந்த வரையறையைப் பின்பற்றி எழுதப்பட்டவை. பலரும் பயன்படுத்தும் எல்எக்ஸ்எம்எல் வேகமானது. ஆனால் அதன் அடியிலிருக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 நெடுங்காலம் தன் சொந்த வழியில் பிழைகளைச் சரிசெய்து வந்ததால், உலாவி கட்டும் மரமும் அது கட்டும் மரமும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வேகம் உண்மையிலேயே தடையாக இருந்தாலன்றி, தரநிலைப்படி வாசிப்பதையே தெரிவு செய்யுங்கள்.

தரநிலை பார்சரின் நடத்தையில் சில இடங்களை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. பத்தி டேக்குக்குள் டிவ் (பக்கத்தின் ஒரு பகுதியைக் குறிக்கும் டேக்) வந்தால் பத்தி அங்கேயே மூடப்படும். பின்னர் வரும் தனியான பத்தி மூடல் ஒரு வெற்றுப் பத்தியை உருவாக்கும். டிவ் டேக்கின் முடிவில் சாய்கோடு போட்டு மூடியதாக எண்ணிக்கொண்டாலும் அந்தச் சாய்கோடு கணக்கில் எடுக்கப்படாது. தொடர்ந்து வரும் எல்லாமே அந்த டிவ்வுக்குள் போய்விடும். ஒரே பண்பு இருமுறை எழுதப்பட்டிருந்தால் முதலாவதுதான் செல்லும்.

அட்டவணைகள் தனிக் கவனம் கேட்பவை. கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ரயில்களின் நேர அட்டவணை ஒன்றை எண்ணிப் பாருங்கள். இரண்டு வரிசைகளுக்கு இடையில், எந்தக் கட்டத்துக்குள்ளும் இல்லாமல், 'மேற்குறித்த சேவை போயா தினத்தில் இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தால், பார்சர் அந்த வாக்கியத்தை அட்டவணைக்கு வெளியே தூக்கி அதற்கு முன்பாக வைத்துவிடும். வாக்கியம் தொலையவில்லை, ஆனால் எந்த ரயிலைப் பற்றியது என்ற தொடர்பு தொலைந்துவிட்டது. இப்படி இடம்பெயர்ந்த உரையைக் கண்டறிய வேண்டுமென்றால், மூலத்தில் ஒவ்வொரு கணுவும் இருந்த இடத்தைப் பதிவு செய்யும் வசதியுள்ள பார்சர் தேவை. பார்ஸ்5 அவ்வசதியைத் தருகிறது.

இதோடு இணைந்த இன்னொன்று: பார்சருக்குக் கொடுப்பதற்கு முன் மூலத்தைச் 'சற்றுத் துடைத்துவிடும்' பழக்கம். கோப்பின் முதல் வரியில் இருக்கும் ஆவண வகை அறிவிப்பைத் தேவையற்றது என்று வெட்டிவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் பார்சர் பழங்கால நடத்தைக்கு மாறிவிடும். அந்த நடத்தையில் அட்டவணை தொடங்கும்போது திறந்திருக்கும் பத்தி மூடப்படாது. ஒரு வரியை நீக்கியதால் முழு மரத்தின் வடிவமும் மாறுகிறது. துடைப்பதெல்லாம் மரம் கட்டப்பட்ட பிறகே நடக்கட்டும்.

அகற்றுமுன் வாசிக்க வேண்டியவை

மரம் கட்டியாயிற்று, இன்னும் எதையும் நீக்கவில்லை. இப்போது ஒருமுறை மரம் முழுவதும் நடந்து, பின்னர் இழக்கப்போகும் தகவல்களைச் சேகரியுங்கள். தலைப்பகுதியிலிருக்கும் பேஸ் டேக், பக்கத்தின் எல்லாச் சார்பு இணைப்புகளுக்கும் அடித்தளமாக இருக்கலாம். அதை வைத்து இணைப்புகளை முழு முகவரிகளாக்கிய பிறகே தலைப்பகுதியை விடலாம். அப்போதே '.இலங்கை' என்று முடியும் முகவரிகள் ஓரிடத்தில் தமிழ் எழுத்திலும் இன்னோரிடத்தில் பியூனிகோட் வடிவிலும் (ஆங்கில எழுத்தாலான மாற்று வடிவம்) இருப்பதை ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள். இல்லையேல் ஒரே பக்கம் இரண்டாக எண்ணப்படும். ஸ்கிரிப்ட் டேக்குகளில் சில நிரலாக இல்லாமல், கட்டுரையின் தேதியையும் தலைப்பையும் தாங்கிய ஜேசன் தரவாக இருக்கும். அதே பக்கத்தின் சிங்கள, ஆங்கில வடிவங்களைக் காட்டும் மாற்று இணைப்புகளும் தலைப்பகுதியில்தான் இருக்கும். இணைவாக்கியத் தொகுப்பு தயாரிப்போருக்கு அவை பொக்கிஷம்.

மொழியைக் குறிக்கும் பண்பை எக்காரணம் கொண்டும் நீக்க வேண்டாம். அதை முழுமையாக நம்பவும் வேண்டாம். ஆங்கில வார்ப்புருவில் தமிழ்ப் பக்கத்தை அமைத்தவர்கள், மேல்மட்டத்தில் ஆங்கிலம் என்ற அறிவிப்பை மாற்றாமல் விட்டுவிடுவது மிகச் சாதாரணம். ஒவ்வொரு பகுதியிலும் எந்த எழுத்துமுறை மேலோங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அறிவிப்போடு ஒப்பிட்டு, இரண்டையும் தனித்தனியே பதிவு செய்யுங்கள். தமிழின் ஒருங்குறிப் பகுதி பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரை அமைந்திருப்பதால் இந்தச் சோதனை எளிது.

பழைய இலங்கைத் தமிழ்ப் பக்கங்களில் மிக முக்கியமான துப்பு எழுத்துருவின் பெயர். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கத்தின் மூலத்தில் தமிழே இருக்காது. ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் மட்டுமே இருக்கும். அதில் அரைப்புள்ளிக் குறிதான் மெய்யெழுத்தின் புள்ளி. அந்த உரை தமிழ் என்று சொல்லும் ஒரே சான்று பாண்ட் டேக்கிலோ பாணி விதியிலோ இருக்கும் எழுத்துருப் பெயர் மட்டுமே. 'அலங்காரப் பண்புகளை எல்லாம் அகற்று' என்ற கட்டளை முதலில் ஓடினால், அந்தக் கட்டுரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக உங்கள் தொகுப்பில் தங்கிவிடும். அதே பக்கத்தில் சிங்களம் எப்எம் அபயா போன்ற வேறொரு பழைய எழுத்துருவிலும், தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் சாதாரண ஆங்கில எழுத்துருவிலும் இருக்கக்கூடும் என்பதால், பக்கம் முழுவதையும் ஒரே மாற்றியில் இடுவதும் தவறு.

சரியான வழி இது. ஒவ்வோர் உரைக் கணுவுக்கும் அதைச் சூழ்ந்த எழுத்துரு எது என்று கணித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து வரும், ஒரே எழுத்துரு கொண்ட கணுக்களை ஒரு தொடராகச் சேருங்கள். சேர்த்தபின் அந்தத் தொடரை மட்டும் மாற்றியில் இடுங்கள். சேர்ப்பதற்கு முன் மாற்றக் கூடாது. பாமினியில் கொம்பு உயிர்மெய்க்கு முன்னால், கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே தட்டச்சு செய்யப்படுவதால், 'கொ' என்பது கொம்பு (ெ), ககரம், அரவு (ா) என மூன்று எழுத்துகளாகக் கிடக்கும். கொம்பு ஒரு ஸ்பானிலும் (வரிக்குள் உரையைச் சூழும் டேக்) ககரம் அடுத்த ஸ்பானிலும் பிரிந்திருந்தால், தனித்தனியே மாற்றும்போது கொம்பு அனாதையாகிவிடும். மாற்றிய பிறகு ஓர் எளிய சோதனை போதும்: எந்தச் சொல்லும் உயிர்க்குறியிலோ புள்ளியிலோ தொடங்கக் கூடாது. அப்படித் தொடங்கும் சொற்கள் இருந்தால், எழுத்துருவைத் தவறாக இனங்கண்டிருக்கிறீர்கள் அல்லது தொடரைத் தவறான இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள்.

நீக்கமும் அதன் வரம்புகளும்

இனி நீக்கலாம். ஸ்கிரிப்ட், ஸ்டைல், குறிப்புரைகள், படிவங்களின் பொத்தான்கள், வேர்டு கோப்பிலிருந்து ஒட்டும்போது வந்து சேரும் நிபந்தனைக் குறிப்புகளும் வெற்று டேக்குகளும் ஆகியவற்றில் தயக்கம் தேவையில்லை. பண்புகளில் நீக்க வேண்டியவற்றைப் பட்டியலிடாமல், வைத்திருக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுங்கள்: இணைப்பு முகவரி, படத்தின் மூலமும் மாற்று உரையும், மொழி, எழுத்தோட்டத் திசை, அட்டவணைக் கட்டங்களின் அகல உயர இணைப்பு, உட்பக்க இணைப்புகளுக்கான அடையாளப் பெயர், பட்டியலின் தொடக்க எண், தேதி. மற்றவை போகட்டும்.

ஆனால் இரண்டு இடங்களில் நிதானிக்க வேண்டும். முதலாவது, நோஸ்கிரிப்ட் டேக். படங்களைத் தாமதமாக ஏற்றும் தளங்களில் உண்மையான பட முகவரி அதற்குள் இருக்கலாம். அதை வாசித்த பிறகே விடுங்கள். இரண்டாவதும் முக்கியமானதும், மறைக்கப்பட்ட பகுதிகள். திரையில் தெரியாதது வாசகருக்கு உரியதல்ல என்பது பொதுவான விதி. ஆனால் மும்மொழித் தளங்களில் சில, சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்து, பொத்தானை அழுத்தும்போது ஒன்றைக் காட்டி மற்ற இரண்டையும் மறைக்கின்றன. இயல்பாகத் தெரிவது பெரும்பாலும் தமிழ் அல்ல. மறைந்ததை எல்லாம் நீக்கும் நிரல் அங்கே தமிழ் முழுவதையும் அழித்துவிட்டு வேலை நன்றாக முடிந்ததாக அறிவிக்கும். ஆகவே மறைந்த பகுதியின் எழுத்துமுறை, தெரியும் பகுதியின் எழுத்துமுறையிலிருந்து வேறுபட்டால், அதை நீக்காமல் தனி மொழிப் பகுதியாகக் குறித்து வையுங்கள்.

வெற்று உறுப்புகளை உள்ளிருந்து வெளியாக நீக்க வேண்டும். உள்ளே இருப்பது போனபிறகுதான் வெளியே இருப்பது வெறுமையானது தெரியவரும். அட்டவணையின் வெற்றுக் கட்டத்தைத் தொடாதீர்கள். அதை எடுத்தால் அந்த வரிசையில் பின்னால் உள்ள எல்லாம் ஒரு கட்டம் நகர்ந்து, ஒருவரின் தொகை இன்னொருவரின் பெயருக்கு நேரே போய் நிற்கும்.

உறைகளை அவிழ்த்து உரையை இணைத்தல்

ஸ்பான், பாண்ட் போன்ற பொருளற்ற உறைகளை அவிழ்க்கும்போது உள்ளிருக்கும் உரையை அந்த இடத்திலேயே விட்டு, அக்கம்பக்கத்து உரைக் கணுக்களை ஒன்றாக இணைக்க வேண்டும். வரிக்குள் வரும் டேக்கின் இடத்தில் இடைவெளி சேர்க்கக் கூடாது. பகுதியாக நிற்கும் டேக்கின் இடத்தில் கட்டாயம் பிரிப்பு இருக்க வேண்டும். கேட்க எளிமையான இந்த விதிதான் நடைமுறையில் அதிகம் மீறப்படுகிறது. முகவரி அட்டவணையின் ஒரு கட்டத்தில் 'வெள்ளவத்தை' என்றும் அடுத்ததில் '00600' என்றும் அதற்கடுத்ததில் 'கொட்டாஞ்சேனை' என்றும் இருந்தால், பிரிப்பின்றி உரை எடுப்பவருக்கு மூன்றும் ஒட்டிய ஒரு நீளச் சொல் கிடைக்கும். தேடுபொறியில் வெள்ளவத்தையும் கிடைக்காது, கொட்டாஞ்சேனையும் கிடைக்காது. இதற்கு அஞ்சி எல்லா டேக்குக்கும் இடைவெளி போடுபவருக்கு, முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்க ஸ்பான் போட்ட 'தமிழ்' என்ற சொல் 'த மிழ்' என்று உடையும். ஆங்கிலத்தில் இப்படி உடைந்தால் சொல் மட்டும் உடைகிறது. தமிழில் உயிர்க்குறிக்கும் அதன் மெய்க்கும் நடுவிலேயே டேக் வந்திருக்கலாம். அப்போது எழுத்தே உடைகிறது.

வரிமுறிவு டேக் இரண்டு அடுத்தடுத்து வந்தால் பத்திப் பிரிப்பாகக் கொள்ளலாம். தடித்த எழுத்தில் தனியாக நிற்கும் பத்தியைத் தலைப்பாக மாற்றுவதா என்பது அந்தந்தத் தளத்தைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. பொது விதியாக நான் அதைச் செய்வதில்லை.

எழுத்துகளைச் சீராக்குதல்

கணுக்கள் இணைந்த பிறகே ஒருங்குறிச் சீராக்கத்துக்கு வர வேண்டும். எச்டிஎம்எல் பார்சர் இந்தச் சீராக்கத்தைச் செய்வதில்லை என்பதால் அது நம் பொறுப்பு. 'கொ' என்ற எழுத்து மூலத்தில் கொ என்றும் இருக்கலாம், கொ என்றும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. என்எப்சி எனப்படும் சீர்வடிவம் ஒற்றைக்கொம்பையும் அரவையும் சேர்த்து 3018 ஆக்கிவிடும். ஓகாரத்தையும் அவ்வாறே 3019 ஆக்கும். ஆனால் கொம்பு ஒரு கணுவிலும் அரவு அடுத்த கணுவிலும் இருக்கையில் ஒவ்வொரு கணுவுக்கும் தனியே என்எப்சியை இயக்கினால் எந்த மாற்றமும் நிகழாது. பின்னர் ஸ்பானை அவிழ்க்கும்போது சீராக்கப்படாத எழுத்து உரைக்குள் வந்து சேரும். இணைத்தல் முதலில், சீராக்கம் பிறகு என்ற வரிசையை இதற்காகவே வற்புறுத்துகிறேன்.

என்எப்சி செய்யாதவற்றையும் தெரிந்திருக்க வேண்டும். அரவை முதலிலும் கொம்பைப் பின்னும் தட்டச்சு செய்த உரை இணையத்தில் நிறைய இருக்கிறது. பார்வைக்குச் சரியாகத் தெரியக்கூடிய அந்த வரிசையை என்எப்சி திருத்தாது. தமிழ்ச் சொல் எதிலும் அரவைத் தொடர்ந்து கொம்பு வர முடியாது என்பதால், இதை நாமே துணிந்து மாற்றலாம். ஔகாரத்தில் அந்தத் துணிவு கூடாது. கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தால் அதை ஔகாரக் குறியாக மாற்று என்று ஒரு விதி எழுதினால், 'கௌரவம்' திருந்தும். 'வெள்ளவத்தை'யும் 'தெளிவு'ம் சிதையும். ஒகரத்தோடு ளகரம் வருவதை ஔவாக மாற்றினால் 'ஒளிபரப்பு' கெடும். இங்கே சொற்பட்டியலைக் கொண்டுதான் திருத்த வேண்டும்.

'ஸ்ரீ' என்பதற்கும் இரண்டு வழிகள் உண்டு. பலர் 3000 என்ற குறியெண்ணுள்ள ஸகரத்தில் தொடங்குகிறார்கள். சிலர் 2998 என்ற குறியெண்ணுள்ள ஶகரத்தில் தொடங்குகிறார்கள். பல எழுத்துருக்களில் தோற்றம் ஒன்றே. கோயில் பெயர்களிலும் ஆட்பெயர்களிலும் இது வருவதால், சேமிக்கும் உரையை மாற்றாமல், தேடலுக்கான சுட்டியில் மட்டும் இரண்டையும் ஒன்றாக்குவதே பொருத்தம்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை முழுவதுமாக அகற்றும் வழக்கம் கொழும்பில் பெருந்தீங்கு செய்யும். 8203 என்ற சுழிய அகல இடைவெளியையும், 173 என்ற மென்மையான சொற்பிரிப்புக் கோட்டையும், உரைக்கு நடுவே வரும் 65279ஐயும் நீக்கலாம். 8205 என்ற சுழிய அகல இணைப்பியை நீக்கக் கூடாது. சிங்களத்தில் நாட்டின் பெயரின் முதலெழுத்தே அந்த இணைப்பியால்தான் சரியாக உருவாகிறது. தமிழ்ப் பக்கத்துக்கென்று எழுதிய நிரல், அதே பக்கத்தின் சிங்கள வரிகளில் நாட்டின் பெயரைச் சிதைத்துவிட்டால் அது எவருக்கும் ஏற்புடையதாகாது. 8204 என்ற இணைப்பு நீக்கியும் தமிழில் ககரமெய்யும் ஷகரமும் ஒன்றுசேராமல் நிற்க வேண்டிய இடங்களில் பயன்படுகிறது. இவ்விரண்டும் தொடராக மீண்டும் மீண்டும் வந்தாலோ, சொல்லின் முடிவில் தனியாகத் தொங்கினாலோ மட்டும் அகற்றுங்கள்.

160 என்ற உடையா இடைவெளியைச் சாதாரண இடைவெளியாக்கி, அதன்பின் தொடர் இடைவெளிகளை ஒன்றாகச் சுருக்குங்கள். முன்வடிவமைத்த உரையைத் தாங்கும் 'பிரி' (pre) டேக்குக்குள் இதைச் செய்யாதீர்கள். “ போன்ற 128 முதல் 159 வரையிலான எண்களைத் தரநிலை பார்சர் தானாகவே உரிய மேற்கோள் குறிகளாகவும் கோடுகளாகவும் மாற்றிவிடும். வாசித்து முடித்த பிறகும் உரையில் க என்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே நின்றால், மூலத்தில் &#2965; என்று இருமுறை குறிமாற்றம் நடந்திருக்கிறது; பக்கம் முழுவதும் அப்படியே இருந்தால் மட்டும் இன்னொரு முறை அவிழுங்கள், ஏனென்றால் இந்த வழிகாட்டியைப் போலக் குறிகளை வேண்டுமென்றே காட்டும் பக்கங்களும் உண்டு. இன்னும் வலுவான என்எப்கேசி சீர்வடிவத்தைச் சேமிக்கும் உரையில் பயன்படுத்த வேண்டாம். '10²' என்பதை அது '102' ஆக்கிவிடும்.

சரிபார்த்தல்

சீரான மரத்தை மீண்டும் எச்டிஎம்எல்லாக எழுதும்போது பண்புகளை ஒரு நிலையான ஒழுங்கில் எழுதுங்கள். அப்போதுதான் ஒரே பக்கத்தின் இரண்டு பதிப்புகளை வரிக்கு வரி ஒப்பிட முடியும். பின்னர் அந்த வெளியீட்டை அதே நிரலில் மறுபடியும் இடுங்கள். இரண்டாவது முறை எதுவும் மாறக் கூடாது. மாறினால், படிகளின் வரிசையில் ஏதோ ஒன்று இடம்மாறியிருக்கிறது. எழுதிய மரத்தை மறுபடி வாசித்தால் எப்போதும் அதே மரம் கிடைக்கும் என்று தரநிலையே உறுதியளிப்பதில்லை என்பதால், இந்தச் சோதனையைத் தவிர்ப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. அதே காரணத்தால், சீராக்கியதைப் பாதுகாப்பானது என்று கொள்ளவும் கூடாது. வெளியார் எழுதிய எச்டிஎம்எல்லை உங்கள் தளத்தில் காட்டப்போகிறீர்களென்றால், டொம்பியூரிபை போன்ற, அதற்கென்றே பராமரிக்கப்படும் வடிகட்டியைக் காட்டும் தறுவாயில் தனியாக இயக்குங்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் துப்புரவுக்கு முன்னும் பின்னும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்துகள் இருந்தன என்று எண்ணிப் பதிவு செய்யுங்கள். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஒரு மொழி முழுவதும் காணாமற்போனது கண்ணில் படாது. மொழிவாரியாகப் பார்த்தால் உடனே தெரியும். பாமினிப் பக்கத்தில் தமிழின் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து உயர்ந்து, ஆங்கிலத்தினது அதற்கேற்பக் குறைய வேண்டும். மறைந்த மொழிப் பகுதிகளுள்ள பக்கத்தில் மூன்றும் ஏறத்தாழ நிலைத்திருக்க வேண்டும். இவற்றுக்கு மாறான பக்கங்களை ஒரு கோப்புறையில் சேர்த்து, ஒவ்வொன்றையும் உலாவியில் திறந்து கண்ணால் பாருங்கள். அவற்றிலிருந்து தெரிவு செய்த சிறு துண்டுகளே உங்கள் நிரந்தரச் சோதனைத் தொகுதியாகட்டும்: உடைந்த அட்டவணை ஒன்று, பாமினிப் பத்தி ஒன்று, இருமுறை குறிமாற்றிய தலைப்பு ஒன்று, இணைப்பி உள்ள சிங்கள வரி ஒன்று, 'வெள்ளவத்தை' வரும் முகவரி ஒன்று. நிரலில் ஒரு விதியை மாற்றும்போதெல்லாம் இவை எல்லாம் ஓட வேண்டும். வெளியீட்டுக் கோப்பு ஒவ்வொன்றிலும் எந்தப் பதிப்பு நிரல் அதை உருவாக்கியது என்ற எண்ணையும் எழுதிவையுங்கள். விதி திருந்திய பின், சேமித்த பைட்டுகளிலிருந்து எந்தெந்தப் பக்கங்களை மீண்டும் வாசிக்க வேண்டும் என்பது அந்த எண்ணைப் பார்த்தே தெரியும்.